ஈறு நிறத்தில் பூக்கள்

பல் செய்வது என் வேலை.
ராமநாதபுரத்தில் ஒரு மாடியறையில்
முகம் தெரியாத வாய்களுக்கு
அச்சைப் பார்த்து மேல்வரிசை, கீழ்வரிசை.
பீடி குடிப்பவருக்குப் பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகும் மஞ்சள்.
நிச்சயம் முடிந்த பெண்ணுக்குக் கொஞ்சம் கூட்டிய வெள்ளை.
பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்துத்
தூரிகை நுனியில் எடுத்து வைத்துக் கட்டுவேன்.
தொள்ளாயிரம் டிகிரியில் வேகும்போது
ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்.
அதனால் எதையும் சற்றுப் பெரிதாகவே செய்து பழக்கம்.
நீ வைக்கும் ரசத்துக்கும் அதே கணக்கா
என்பார் ராயப்பன்.

வீடு மண்டபத்தில், வாடகைக்கு.
கொல்லையில் நின்றால் வடகடல் இரையும்,
வாசலில் நின்றால் தென்கடல் காற்று.
எந்த பெயின்ட் அடித்தாலும் மூன்றாம் மாதம்
கூடத்துச் சுவர் உப்புப் பூக்கும்.
பூக்கும் என்றுதான் இங்கே சொல்கிறார்கள்,
அரிக்கும் என்று யாரும் சொல்வதில்லை.
வெள்ளையாய், பஞ்சாய்,
ஊதினால் பறக்கும்.
"என்ன வேணா பண்ணிக்கங்க தங்கச்சி,
ஆணி மட்டும் அடிச்சிராதீங்க"
என்று சாவி கொடுத்தார் நூருல் அமீன் பாய்.

முழு பல்செட்டுக்கு முன்பணம் கட்டிய
பெரியபட்டினத்துக்காரர் ஒருவர்
மகனைப் பார்க்க மலேசியா போனவர் திரும்பவில்லை.
அவருக்கென்று வாங்கிய ஈறு நிறப் பொடி
பாட்டிலில் பாதி மிஞ்சியது.
தேதி முடியப்போகிறது, கொட்டிவிடு என்றார் துரைசிங்கம்.

கொட்டத்தான் நினைத்தேன்.
மறுநாள் காலை உச்சிப்புளி தாண்டி
பஸ் ஒரு லாரிக்காக ஒதுங்கி நின்றபோது
மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி,
ஒவ்வொன்றும் ஒரு சின்னப் புனல்,
அச்சு அசல் அந்த நிறம்.
சாயங்காலம் திரும்புகையில் எல்லாம் சுருண்டிருந்தன.

அன்றிலிருந்து தினம் ஒன்று.
கடைசி ஈட்டில் மூன்று கடைவாய்ப் பல்,
ஓரமாய் ஒரு பூ.
முதல் நான்கு விரிசல் விட்டன.
ஐந்தாவது, மூக்குத்தியைவிடக் கொஞ்சம் பெரிது,
கைக்குட்டையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
டிக்கெட் எடுக்க மறந்து திட்டு வாங்கினேன்.

இலைக்குத்தான் வழியில்லை.
பச்சைப் பல் யார் கேட்பார்?
எங்கள் பெட்டியில் அந்த நிறமே கிடையாது.
ராயப்பனிடம் இருந்தது,
படகுக்கு அடித்துப் போக மிஞ்சிய கால் டப்பா.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
உப்புத் திட்டைச் சுரண்டிவிட்டுக்
கொடியை இழுத்தார், தரையிலிருந்து சுவிட்ச் பெட்டி வரை.
இலைகள் நங்கூரம் மாதிரி வந்தன.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
ஃபைபர் படகு ஒட்டும் பசையைத் தொட்டுத் தொட்டு
முப்பத்தெட்டுப் பூக்களையும் ஒட்டினோம்.
அடுத்த வீட்டு மெஹராஜ், ஐந்து வயது,
எட்ட நின்று கேட்டாள்:
"இதெல்லாம் கடிக்குமா?"

ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி
டக்கென்று ஒரு சத்தம்.
டார்ச் அடித்துப் பார்த்தால்
பூவுக்கு ஒரு கீறல்கூட இல்லை,
சுவர்தான் காரையோடு பெயர்ந்திருந்தது.
அந்தக் குழிக்குள் புதிதாய், ஊசி ஊசியாய், உப்பு.
உள்ளேயிருந்து பூத்துத்
தள்ளிவிட்டிருக்கிறது.
திரும்ப ஒட்டவா என்றார்.
தூங்குங்கள் என்றேன்.
அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது,
கூட்டத்தில் ஒரே ஒரு வெள்ளைப் பூ,
பெருக்கும்போது கொஞ்சம் உதிரும்.

வாடகைக்கு வந்த பாய்
செருப்பைக் கழற்றிவிட்டு
சுவரோரம் நெடுநேரம் நின்றார்.
"ஆணி அடிக்கலையே?"
"இல்ல பாய்."
ஒவ்வொன்றாய் நகத்தால் தட்டிப் பார்த்தார்.
எதில் செய்தது என்று கேட்டார், சொன்னேன்.
கொஞ்சம் யோசித்தார்,
வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்,
பிறகு உதட்டைத் தூக்கி
முன்பல் இரண்டு போன இடத்தைக் காட்டி
"இதுக்கு எவ்வளவு தங்கச்சி ஆகும்?" என்றார்.

வெளிச்சத்துக்குத் திரும்பச் சொன்னேன்.
அவர் ஈறுக்கு
கீழிருந்து ஏழாவது பூ
சரியாகப் பொருந்தியது.